கூடும் இடம்

பருந்து ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனபோது, விசில் சார் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாதுகாப்பைப் பற்றித்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பழைய தொழிற்சாலையில் அவருடைய நாற்காலிக்கு வந்திருக்கும் புது அதிகாரி ஏதோ சந்தேகம் கேட்டிருந்தார். சந்தேகம் சின்னதுதான். பதில் நீண்டுகொண்டே போயிற்று. "கண்ணு எப்பவும் நாலா பக்கமும் சுத்திக்கிட்டே இருக்கணும்பா. ஒரு நிமிஷம் அசந்தோம், போச்சு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முற்றத்தில் ஒரு நிழல் இறங்கியது. தாய்க்கோழி அலறியது. நிழல் ஏறிவிட்டது. நாலா பக்கமும் சுற்றிய கண் மேலே மட்டும் பார்த்திருக்கவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா? என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா. சின்னதா ஒரு சம்பவம்."

மனைவி சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். குறை எங்கே என்று கண்டுபிடித்துத்தான் சம்பளமே வாங்குகிறாள்.

"என்னங்க, ஒண்ணு குறையுதே?"

"ஒரு சம்பவம் நடந்துபோச்சு."

"சம்பவமா? குஞ்சைப் பருந்து தூக்கிட்டுப் போச்சா, இல்லையா?"

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்றது?"

வேறு எப்படியெல்லாமோ சொல்லலாம். அவர் வேலையில் இருந்த காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஒருவன் படியில் உருண்டு விழுந்தால் அது 'சம்பவம்'. விழாமல் தப்பித்தால் அது 'நிர்வாகத்தின் விழிப்புணர்வு'. கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். பெற்றவர்கள் வைத்த பெயரை அதுவே சாப்பிட்டுவிட்டது. மாதம் தவறாமல் தீ ஒத்திகை நடத்துவார். விசில் ஊதினால் இயந்திரங்களை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் வெளியே வந்து, மைதானத்தின் நடுவே 'கூடும் இடம்' என்று பச்சைப் பலகை நட்ட இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் வேலை பார்த்த காலத்தில் அங்கே ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை. அதற்குத் தான்தான் காரணம் என்று அவர் சொல்வார். பிடிக்காத தீக்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாட வராததால், பெருமை அவருக்கே நின்றுவிட்டது.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் சிக்கல். விசில் இருந்தது, கேட்க ஆள் இல்லை. கொஞ்ச நாள் சமையலறையில் டப்பாக்களை எடை வாரியாக அடுக்கி வைத்தார். கனமானவை கீழே, லேசானவை மேலே. சர்க்கரை எங்கே, உப்பு எங்கே என்று தெரியாமல் மனைவி ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தாள். பிறகு அவளுடைய கோழி குஞ்சு பொரித்தது. "பகல்ல நான் கடைக்குப் போயிடறேன். இதுங்களைப் பாத்துக்கற பொறுப்பு உங்களோடது" என்றாள். அவள் அதைச் சொன்னது டப்பாக்களைக் காப்பாற்றத்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், 'பொறுப்பு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. வெட்கம்கெட்ட முதுகு.

இப்போது அந்தப் பொறுப்பில்தான் ஓட்டை விழுந்திருந்தது.

"இதோ பாருங்க" என்றாள் மனைவி. "இன்னும் ஒண்ணு போச்சுன்னா, கோழியையும் குஞ்சையும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவகிட்ட நாலு பக்கமும் கம்பி அடிச்ச கூண்டு இருக்கு. பாவம், வாயில்லா ஜீவன். நம்ம பெருமைக்காக அதுங்க சாக வேண்டாம்."

'நம்ம பெருமை' என்று அவள் பன்மையில் சொன்னது வெறும் மரியாதைக்குத்தான்.

மறுநாளே ஒரு வலை வாங்கிவந்து உள்ளறையில் வைத்தாள். "முற்றத்துக்கு மேல இதைக் கட்டிடுங்க. வேலை முடிஞ்சுது."

விசில் சார் வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு குறை இருந்தது. கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

"வலைங்கறது கடைசிக் கட்டம்மா. முதல்ல விழிப்புணர்வு. அப்புறம் பயிற்சி. அதெல்லாம் பலிக்கலன்னாதான் வலை."

"கோழிக்குஞ்சுக்கு விழிப்புணர்வா?"

"ஏன், அட்டைப்பெட்டி மடிக்கிறவங்களுக்கு நான் குடுக்கலையா?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைக்கு நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டாள். வலை உறை பிரிக்காமல் உள்ளறையிலேயே கிடந்தது.

முதல் நடவடிக்கையாக ஒரு பொம்மை செய்தார். நட்ட கம்பு ஒன்றில் துடைப்பக் கட்டையைக் குறுக்கே கட்டி, தன் பழைய சீருடைச் சட்டையை மாட்டி, தொழிற்சாலையில் விடைபெறும்போது கொடுத்த ஆரஞ்சு நிற ஹெல்மெட்டைத் தலையில் வைத்தார். பார்க்க அவரைப் போலவே இருந்தது. தொப்பை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு மெக்கானிக் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "சார், திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்களா?" என்று பொம்மையிடம் கேட்டான். மறுநாள் காலையில் ஒரு காக்கை ஹெல்மெட்மேல் உட்கார்ந்து நிதானமாக அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலும் அவரைக் கண்டு இந்த அளவுக்குத்தான் பயந்தார்கள் என்பது விசில் சாருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை உடனே தள்ளி வைத்தார்.

அடுத்தது பயிற்சி.

இதில் அவருக்கு ஈடு கிடையாது. முற்றத்தின் நடுவில் துணி துவைக்கும் சிமெண்டு மேடை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த அட்டையில் வெள்ளை எழுத்தில் 'கூடும் இடம்' என்று எழுதி மாட்டினார். எழுத்து ஒன்றுக்கொன்று சமமாக வருவதற்காக அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். குஞ்சுகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவர் மறக்கவில்லை. தொழிற்சாலையிலும் பலகையைப் படித்துவிட்டு யாரும் வந்ததில்லை.

விசில் ஊத வேண்டும். மேடையில் தீவனம் தூவ வேண்டும். முதல் விசிலுக்குக் குஞ்சுகள் சிதறி ஓடி, செம்பருத்திச் செடிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. "ஒழுங்கீனம்" என்றார் விசில் சார். நாலைந்து தடவை ஊதித் தூவியதும் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. பிறகு விசில் சத்தம் கேட்டதுமே செடிக்கு அடியிலிருந்தும், முற்றத்து ஓரமாகப் போட்டிருந்த பழைய சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்தும் பந்து பந்தாக உருண்டு வந்து மேடையில் கூடின. கழுத்தில் கறுப்புப் புள்ளி வைத்த ஒன்று மட்டும் எப்போதும் கடைசியில் வரும். அதற்கு 'கடைசி' என்றே பெயர் வைத்தார். தொழிற்சாலையிலும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் இப்படி ஒருவன் இருப்பான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வருவான்.

மெக்கானிக் மதிலில் தாடையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு சந்தேகம். எதுக்கு நட்ட நடுவுல?"

"தம்பி, ஆபத்துன்னா எப்பவும் திறந்த வெளியிலதான் கூடணும். சுவர் ஓரத்துல, மரத்தடியில, கூரைக்குக் கீழ நிக்கவே கூடாது. எது எப்ப தலையில விழும்னு சொல்ல முடியாது."

"அதுவும் சரிதான்" என்றான் மெக்கானிக். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். ஏதோ ஒன்று இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை. இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறவர் தப்பாகச் சொல்வாரா என்று நினைத்து, பானட்டைத் திறந்தபடி விட்டு வந்த காரிடம் திரும்பிப் போனான். பாராட்டிவிட்டுப் போகிறான் என்று விசில் சார் எடுத்துக்கொண்டார்.

தடையாக இருந்தது ஒரே ஆள்தான். தாய்க்கோழி. அதை மனைவி 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். நடையும் பார்வையும் அப்படி. வானத்தில் ஏதாவது தெரிந்தால் மேடம் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும். அப்புறம் தொண்டைக்குள் 'குர்ர்ர்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான், குஞ்சுகள் கிடைத்த மறைவில் புகுந்து கல்லாகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் விசில் சார் ஊதும்போதும் மேடம் குர்ரென்றது. அவர் வா என்றால் அது போ என்றது. குஞ்சுகள் நடுவழியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தன.

"ஒரே இடத்துல ரெண்டு பேர் உத்தரவு போட்டா எப்படி?" என்று மேடத்திடமே கேட்டார். மேடம் அவரை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. இரண்டு பார்வையிலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் மேடத்தைப் பெரிய மூங்கில் கூடைக்கு அடியில் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார். ஒத்திகை கனகச்சிதமாக நடந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். நாளுக்கு நாள் வேகம் கூடியது. சாயங்காலம் மனைவியிடம், "இன்னிக்குப் பிரமாதம்" என்பார். "வலை கட்டியாச்சா?" என்பாள் அவள்.

இத்தனை நாளில் பருந்தும் வரவில்லை. அதற்கும் தான்தான் காரணம் என்று விசில் சார் முடிவு செய்துவிட்டார். பழக்க தோஷம்.

மனைவிக்கு விடுமுறை வந்தது. முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டார். மெக்கானிக்கையும் அழைத்தார், அவன் வாசல் வழியாக வராமல் மதில்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, மேடையின் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு சிற்றுரை தயார் செய்து வைத்திருந்தார். "பாதுகாப்பு என்பது ஒரு நாள் வேலையல்ல..."

"காபி ஆறுதுங்க. ஊதுங்க" என்றாள் மனைவி.

உரையை விழுங்கிவிட்டு ஊதினார்.

செடிக்கு அடியிலிருந்தும் மேசைக்கு அடியிலிருந்தும் குஞ்சுகள் பறந்தடித்துக்கொண்டு ஓடி வந்து மேடையில் கூடின. கறுப்புப் புள்ளிக் கடைசியும் கால் தடுக்கி விழுந்து எழுந்து வந்து சேர்ந்தது. அத்தனையும் பச்சைப் பலகையைச் சுற்றி நின்று அவர் முகத்தைப் பார்த்தன. தொழிற்சாலை மைதானத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் நின்றதில்லை. அவர் கைதட்டலுக்காக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். கடையில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, பெரிய எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

"என்னங்க, பருந்து எங்கேருந்து வரும்?"

"மேலேருந்து."

"நல்லது. இதுங்க இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"செடிக்குக் கீழ. மேசைக்குக் கீழ."

"இப்ப?"

"கூடும் இடத்துல."

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

"மேல..." என்று விசில் சார் நிமிர்ந்து பார்த்தார். 'ஒன்றுமே இல்லை, முழுக்கத் திறந்த வெளி' என்று பெருமையோடு சொல்லத்தான் வாயெடுத்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது. கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்தெல்லாம் ஒரேயடியாகத் தெளிவாகத் தெரிந்தது. தீ என்றால் உள்ளேயிருந்து வெளியே ஓட வேண்டும். பருந்து என்றால் வெளியேயிருந்து உள்ளே ஓட வேண்டும். அந்தக் குஞ்சுகளுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்த ஒரே ஒரு விஷயத்தை அவர் நாள் தவறாமல் உழைத்து, தீவனம் போட்டு, மறக்கடித்திருந்தார்.

"அட ஆமா சார்! இதுதான் அன்னிக்கே எனக்கு இடிச்சுது" என்றான் மெக்கானிக்.

மேலே ஒன்றுமில்லாமலும் இல்லை. மூன்றாம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பழுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. அது எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்து ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ தெரியாது. எல்லோரும் வந்து சேர்ந்தாகிவிட்டது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இறக்கையை விரித்தது.

கூடைக்கு அடியில் 'குர்ர்ர்' என்றது மேடம்.

குஞ்சுகளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. கலைந்து ஓடத் தொடங்கின. அந்த நேரத்தில் விசில் சார் சும்மா இருந்திருந்தாலே போதும். ஆனால் ஆபத்து வந்தால் அவருடைய கைக்கும் வாய்க்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பலம் கொண்ட மட்டும் விசிலை ஊதினார்.

ஓடிய குஞ்சுகள் அத்தனையும் திரும்பி, முன்னைவிட வேகமாக மேடைக்கு வந்து சேர்ந்தன.

"ஐயோ, ஊதாதீங்க!" என்று மனைவி கத்தினாள். "சார், ஊதாதீங்க!" என்று மதில் கத்தியது. கடைசியும் இந்தத் தடவை தாமதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து, பலகைக்கு அடியில் நின்று வாயைப் பிளந்தது.

பருந்து இறங்கும் வேகத்தை அவர் முதல் முறையாக நேரில் பார்த்தார். யோசிக்க நேரமில்லை, யோசித்திருந்தால் அதையும் தப்பாகத்தான் செய்திருப்பார். அப்படியே மேடைமேல் குப்புறப் பாய்ந்தார். முட்டியும் முழங்கையும் சிமெண்டில் மோதின. வெளுத்த சட்டையை இரண்டு பக்கமும் இழுத்து விரித்து, தொப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரையாகக் கவிழ்ந்தார். கீழே கீச்கீச்சென்று சத்தம். மார்புக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதேதோ முட்டி மோதின. பச்சைப் பலகை முறிந்து அவர் முதுகில் விழுந்தது. வழுக்கைத் தலையில் நான்கு கோடு இழுத்தாற்போல் சுரீரென்றது. காதோரம் ஒரு காற்று அடித்துவிட்டுப் போயிற்று.

"அசையாதீங்க!" என்றாள் மனைவி.

அசையவில்லை. வேலையில் இருந்த காலத்தில் பிறருக்குச் சொன்ன எந்த விதியிலும் இந்த நிலை இல்லை. நான்கு காலில் நிற்கும் பாதுகாப்பு அதிகாரியைப் பருந்து இன்னொரு தடவை வட்டமடித்துப் பார்த்தது. எவ்வளவு பெரிய கோழியாக இருந்தாலும் இவ்வளவு பெரிதாக இருக்காது என்று முடிவு கட்டியதோ என்னவோ, மறுபடி தொட்டிப் பக்கம் போனது. எங்கிருந்தோ காக்கைகள் கூடி அதைத் துரத்தின. அதிலொன்று ஹெல்மெட் காக்கையாக இருக்க வேண்டும்.

மனைவி ஓடிப்போய்ச் செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். மேடம் இறக்கையை உப்பிக்கொண்டு வெளியே வந்தது. நேராக மேடைக்கு வந்து விசில் சாரின் முழங்கையை ஒரு கொத்து கொத்தியது. பிறகு குர்ரென்றது. குஞ்சுகள் அவர் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவி, அதன் பின்னால் செம்பருத்திச் செடிக்குள் மறைந்தன. மனைவி எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசி மட்டும் வரவில்லை. அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் தலையை விட்டுத் தீவனம் தேடிக்கொண்டிருந்தது அது.

"எல்லாம் இருக்கு" என்றாள் மனைவி. அவள் குரல் நடுங்கியது. அதை அவள் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, தலைக் காயத்தைப் பஞ்சால் துடைத்தாள்.

"ஆழமா இல்ல. ஹெல்மெட் எங்க போச்சு?"

"பொம்மை போட்டிருக்கு."

பஞ்சு ஒரு கணம் நின்றது. பிறகு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை எரிந்தது.

அவள் போனைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றது.

"தங்கச்சிக்கா?" என்று கேட்டார். கேட்கும்போது பார்வை தரையில் இருந்தது. இனி டப்பாக்கள்தான். கனமானவை கீழே, லேசானவை மேலே. "அனுப்பிடு. நீ சொல்றது சரிதான். என்னை நம்பி ஒரு செடியைக்கூட விடக்கூடாது. குஞ்சுக்கு இருக்கற அறிவைக் கெடுக்கறதுக்கு நான் பயிற்சி குடுத்திருக்கேன்."

மனைவி அவரை ஒரு கண்ணால் பார்த்தாள். மேடத்தின் அதே பார்வை. ஆனால் முடிவு வேறாக இருந்தது.

"குஞ்சுங்க இங்கயே இருக்கட்டும்" என்றாள். "விசிலை மட்டும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். கழுத்து கொஞ்ச நேரம் அம்மணமாக இருப்பதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலமே வலை கட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கீழே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. மனைவி ஏணியில் ஏறினாள். விசில் சார் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கீழே நின்றார். மதில்மேலிருந்து மெக்கானிக் கயிறு இழுத்துக் கட்டினான். "சார், இது கடைசிக் கட்டம்னு சொன்னீங்களே, வந்துட்டோமா?" என்று கேட்டான். "வந்துட்டோம் தம்பி. நேரா கடைசிக்கே வந்திருக்கலாம்" என்றார் அவர். உறை பிரிப்பதற்கு ஆன நேரத்தைவிடக் கட்டுவதற்கு ஆன நேரம் குறைவுதான்.

முறிந்த பலகையை அவர் தூக்கி எறியவில்லை. பெயின்ட் நல்ல பெயின்ட். பழைய சாப்பாட்டு மேசையின் காலில் அதை ஆணி வைத்து அடித்தார்.

இப்போதும் பகலில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். போன் வந்தால் எடுப்பதில்லை. வலை இருக்கிறது, இருந்தாலும் மேடம் தன் வேலையை வலையை நம்பி விடவில்லை. ஒருநாள் பகலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேடம் தலையைச் சாய்த்தது. குர்ரென்றது. குஞ்சுகள் மேசைக்கு அடியில் ஓடின.

கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு மேல் மெக்கானிக்கின் தலை தெரிந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அவன் குனிந்து பார்த்தான். மேசைக்கு அடியில் குஞ்சுகளோடு குஞ்சாக விசில் சார், டீ டம்ளர் சிந்தாமல், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கடைசி.

"சார், என்ன உள்ள மீட்டிங்கா?"

"உஷ்" என்றார் விசில் சார். "மேடம் சொல்ற வரைக்கும் யாரும் வெளிய வரக்கூடாது."